கோயில் மர வாகனங்களின் வண்ணப் புதுப்பிப்பு (திருவரங்கம் – உறையூர்)

கோயில் திருவிழாக்களில் உற்சவர் எழுந்தருளும் மர வாகனங்களுக்குப் பழுது நீக்கி மீண்டும் வண்ணம் தீட்டும் மரபுக் கைவினை வாகனப் புதுப்பிப்பு. காவிரியின் இரு கரைகளிலும் உள்ள திருவரங்கம், உறையூர் கோயில்களின் விழாக்கள் இத்தகைய மரப்பொருட்களைச் சார்ந்தே நடைபெறுகின்றன.

பின்னணி

திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலில் சித்திரை, தை, பங்குனி விழாக்களில் நம்பெருமாள் கருடன், அனுமன், சேஷன், யாளி, அன்னம், யானை, குதிரை, கற்பகவிருட்சம் முதலிய வாகனங்களில் உலா வருகிறார். இவற்றில் சில பொன், வெள்ளித் தகடு போர்த்தப்பட்டவை. தோளுக்கினியான் என்னும் பல்லக்கும் பயன்படுகிறது. பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் கமலவல்லி நாச்சியார் கோயிலுக்கு எழுந்தருளிச் சேர்த்தி சேவை தருகிறார். உறையூர் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. திருப்பாணாழ்வாரின் அவதாரத் தலம்.

தேய்மானம்

வாகனம் ஆண்டின் பெரும்பகுதி வாகன மண்டபத்தில் இருக்கும். விழா நாட்களில் வெயில், பனி, தீவட்டிப் புகை, எண்ணெய், மாலைகளின் ஈரம் ஆகியவற்றைத் தாங்கும். தண்டுகள் கட்டப்படும் இடத்தில் கயிறு உராயும். மரம் சுருங்கி விரியும்போது இணைப்புகள் விலகி வண்ணம் வெடிக்கும். கரையான், வண்டு அரிப்பும் உண்டு. எனவே அருங்காட்சியகப் பொருளைப் போல வாகனத்தைத் தொடாமல் வைத்திருக்க முடியாது. இறைவன் எழுந்தருளும் பொருள் பொலிவுடன் இருக்கவேண்டும் என்பது வழிபாட்டின் தேவையுமாகும்.

மரபு முறை

மரத்தின் மேல் வண்ணம் நிற்க அடித்தளம் வேண்டும். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வட்டாரத்துப் பலகைப் படங்களில் இம்முறை தெளிவாகத் தெரிகிறது. பலாப்பலகையின் மேல் புளியங்கொட்டைப் பசையால் துணி ஒட்டப்படும். அதன் மேல் சுண்ணப்பொடியும் பசையும் சேர்ந்த குழம்பு பூசப்பட்டு, காய்ந்தபின் வழவழப்பாகத் தேய்க்கப்படும். பிறகே கோடும் வண்ணமும். துணி, மரத்தின் வெடிப்பு மேற்பூச்சுக்குப் பரவாமல் தடுக்கிறது. சாதிலிங்கம் சிவப்பையும், அரிதாரம் மஞ்சளையும், அவுரி நீலத்தையும், விளக்குக் கரி கருமையையும் தந்தன. புதிதாகச் செய்த வாகனம் வெள்ளோட்டம் விடப்பட்ட பின்னரே விழாவுக்கு வரும்.

மாற்றங்கள்

இருபதாம் நூற்றாண்டில் எனாமல் வண்ணங்கள் பரவின. இவை மலிவானவை, விரைவில் காய்பவை, பளபளப்பானவை. ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பழைய பூச்சின் மேல் புதிய பூச்சு ஏறுவதால், செதுக்கிய இறகு, செதில், நகை வேலைப்பாடுகளின் கூர்மை மங்குகிறது. மறுபுறம், பழைய பூச்சு முழுவதையும் காரத்தாலோ உப்புத்தாளாலோ நீக்கினால், முந்தைய கைவினைஞரின் வண்ணத்தேர்வும் கோல வேலையும் அழிந்துவிடும்.

பாதுகாப்புச் சிந்தனை

மேற்பூச்சின் அடியில் வரலாறு இருக்கலாம் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் சான்று. அங்கு 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவ்வோவியங்களின் அடித்தளத்தையும் வண்ணங்களையும் ஆராய்ந்தார். பின்னாளில் நாயக்கர் அடுக்கின் பகுதிகள் தனியே பிரித்தெடுக்கப்பட்டு இரண்டு அடுக்குகளும் காக்கப்பட்டன.

திருவரங்கம் கோயிலின் திருப்பணி 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. கட்டடங்களுக்குக் காட்டப்பட்ட கவனம் மரப்பொருட்களுக்கும் பொருந்தும். பணிக்கு முன் நிழற்படம் எடுத்தல், மறைவான ஓரிடத்தில் பூச்சு அடுக்குகளைச் சோதித்தல், உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்புதல், பழைய அடுக்கின் சிறுபகுதியைத் தொடாமல் விடுதல் ஆகியவை எளிய வழிகள். இவற்றால் வாகனம் விழாவுக்கும் பயன்படும்; அதன் மேல் பணியாற்றிய தலைமுறைகளின் தடமும் எஞ்சும்.