கிர்க்/ஸ்பாக்: ஒரு சாய்கோட்டின் வரலாறு

ரசிகர் புனைவுகளைப் படிப்போர் குறிப்பிட்ட சில காதல் இணைகளையே மீண்டும் மீண்டும் நாடுவது ஏன்? இதற்குப் பெரும்பாலும் உளவியல் விடைகளே தரப்படுகின்றன. மூலப் பனுவல் எதைத் தந்தது, எதைத் தர மறுத்தது என்ற வரலாற்றைப் பார்த்தால் விடை சற்று மாறுகிறது.

அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் விண்கலத் தலைவன் கிர்க்குக்குக் காதலியர் பலர் உண்டு. அடுத்த வாரம் வரை நீடிப்பவர் எவருமிலர். அவன் மெய்யாகவே நேசித்த ஈடித் கீலரும் அதே அத்தியாயத்தில் இறந்துபோகிறாள். வாரந்தோறும் தொடர்ந்து, சோதனைக்குள்ளாகி, வளர்ந்த உறவு அவனுக்கும் ஸ்பாக்குக்கும் இடையிலானதே. 1967இல் வந்த ‘அமோக் டைம்’ அத்தியாயத்தில், தன் கையால் கொன்றுவிட்டதாக நம்பிய நண்பனை உயிருடன் கண்டதும், உணர்ச்சியை அடக்குவதையே அறமாகக் கொண்ட ஸ்பாக் முகம் மலர்ந்து அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறான். இவ்வுறவு குறித்துத் தொடர் சொல்லாமல் விட்டதைப் பெண் வாசகர்கள் எழுதத் தொடங்கினர். டயேன் மார்ச்சண்ட் 1974இல் ‘குரூப்’ என்னும் ரசிகர் இதழில் எழுதிய சிறுகதை, இவ்விணை பற்றி அச்சேறிய முதல் காதல் கதையாகக் கருதப்படுகிறது. அதில் இருவர் பெயரும் இல்லை. இருந்தும் வாசகர்க்குப் புரிந்தது.

பெயர்களுக்கிடையே ‘&’ இட்டால் நட்பு, சாய்கோடு இட்டால் காதல் என்ற மரபும் இவ்வட்டத்தில் உருவாயிற்று. ஒரு நிறுத்தக்குறியே ‘ஸ்லாஷ்’ என்று ஓர் இலக்கிய வகையின் பெயரானது மொழியியலில் அரிய நிகழ்வு. (ஜப்பானிய ரசிகர் மரபிலோ பெருக்கல் குறி, அங்கே எப்பெயர் முன்வருகிறது என்பதும் பொருளை மாற்றும்.)

அறிபுனை எழுத்தாளர் ஜோவன்னா ரஸ் 1985இல் வெளியான தம் கட்டுரையில் இவ்விருப்பத்துக்கு விளக்கம் தந்தார். அன்றைய காதல் கதைகளில் பெண்ணுக்குக் கிட்டாத சமநிலை இவ்விருவரிடையே இருந்தது. அயலானாகவும் உணர்வை மறைப்பவனாகவும் வாழும் ஸ்பாக்கிடம் பெண்ணின் நிலையே குறியீடாக அமைந்தது என்றார். கூர்மையான வாசிப்பு. எனினும் என் கணிப்பில் அது பாதி விடையே.

2009ஆம் ஆண்டுத் திரைப்படம் இவ்விளக்கத்துக்குத் தற்செயலாக ஒரு சோதனையாய் அமைந்தது. கறுப்பினப் பெண் அதிகாரியான உஹூராவை அப்படம் ஸ்பாக்கின் காதலியாக்கியது. அவள் திறமையில் குறைந்தவள் அல்லள். படம் முடிவதற்குள் இறப்பவளும் அல்லள். சமநிலையும் தொடர்ச்சியுமே காரணமெனில் வாசகர் விருப்பம் ஓரளவேனும் அவள்பால் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் படத்துக்குப் பின் கிர்க்/ஸ்பாக் கதைகள் புத்துயிர் பெற்றன; உஹூராவை இடையூறாகக் கண்ட ரசிகர்களும் இருந்தனர். ரசிகர் ஆய்வுகள் இனம் பற்றிய கேள்வியை ஓரத்தில் நிறுத்திவைத்ததை இந்திய ஆய்வாளர் ருக்மிணி பாண்டே 2018இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டுகிறார். ரஸ்ஸின் கட்டுரையை வகுப்பில் பாடமாக வைப்போர் அந்நூலையும் உடன் வைக்க வேண்டும். மூலத்தொடரின் கட்டுப்பாட்டு அறையில் உஹூராவும் தன் இருக்கையில் பணியாற்றிக்கொண்டுதான் இருந்தாள்; அவளுக்கு எழுதப்பட்ட வசனங்கள்தாம் மிகக் குறைவு.