கிராணி வாத்தியாரிலிருந்து கணினி ஆசிரியர் வரை

மலாயாவின் அந்தக்காலத் தோட்டப் பள்ளிகள் பலவற்றில், தொழிலாளரை மேய்த்த கங்காணியோ தோட்டத்து எழுத்தரான கிராணியோதான் வாத்தியார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைத்தே ஆகவேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம்.

சிலேட்டும் சுண்ணக்கட்டியும் வெகுகாலம் ஆண்டன.

1980-களில் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள்தான் பெரிய மாற்றங்களைப் பார்த்தார்கள். 2003-இல் மலேசியப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கில வழிக்கு மாறியபோது ஆசிரியர் கைக்கு மடிக்கணினி வந்தது. கூடவே வகுப்பறைச் சுவரில் படம் காட்டும் புரொஜெக்டரும். 2014-இல் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும், தகவல் தொடர்புத் தொழில்நுட்பமும் பாடங்களாயின. ரம்பம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரே விசைப்பலகைக்கும் குருவானார்.

அரசுப் பணியிலிருந்த ஆசிரியர்களின் ஓய்வு வயதும் நகர்ந்துகொண்டே வந்தது: 55, பிறகு 2001-இல் 56, 2008-இல் 58, 2012-இல் 60. 1986-இல் 22 வயதில் சேர்ந்தவர் 60 வயது வரை பணியாற்றினால் 2024-இல்தான் விடைபெறுவார்.

சிலேட்டுப் பிள்ளையாகப் படித்துக் கணினிப் பாடம் நடத்திய இந்தத் தலைமுறை இப்போது ஒவ்வொருவராக ஓய்வுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பழைய மாணவர்கள் அவர்களிடம் பேசி, அந்த நினைவுகளைப் பதிவு செய்யவேண்டும்.