பலகையில் இருந்த தோணி

என் மேசையில் இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று நாட் போர்விமானம். பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்றுக் கட்டியது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து நின்றது. 1971-ல் ஸ்ரீநகர் வானில் போர்விமானி நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியதும் இதைத்தான். அவருடைய 18-வது படைப்பிரிவு 2020-ல் தேஜஸ் விமானங்களோடு நம் சூலூருக்கு வந்தது. நிஜத்தில் 8.7 மீட்டர் நீளமுள்ள அந்த விமானம், 72-ல் ஒரு பங்காகச் சுருங்கி 12 சென்டிமீட்டரில் நிற்கிறது. இன்னொன்று தூத்துக்குடித் தோணி. நான் அளந்த தோணி 90 அடி. 48-ல் ஒரு பங்காக 57 சென்டிமீட்டர். விமானத்துக்கு மூன்று மாதம் பிடித்தது. தோணிக்கு நான்கு வருடம்.

விமானம் பெட்டியில் வந்தது. எந்தத் துண்டு எதோடு ஒட்டும் என்று எண் போட்ட தாளும் கூடவே இருந்தது. பாடுபட்டதெல்லாம் பெயின்டில்தான். 1965-ல் நாட் பளபளவென்று வெள்ளி நிறத்தில் பறந்தது. வெள்ளி நிறம் எதையும் மறைக்காது. உப்புத்தாள் இழுத்த கீறல், ஒட்டுப் போட்ட இடத்தில் பிதுங்கிய பசை, என் விரல் ரேகை எல்லாம் அடித்த மறுநாளே தெரிந்தன. மறைக்கலாம் என்று கனமாக இன்னொரு பூச்சு கொடுத்தேன். பூச்சின் கனம் 0.1 மில்லிமீட்டர் கூடினாலே, நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டருக்கு அப்பிய மாதிரி. தகடுகளின் கோடெல்லாம் அடைந்துபோயிற்று. சுரண்டி எடுத்து, மெல்ல மெல்ல ஐந்து பூச்சு கொடுத்தபோதுதான் விமானம் விமானமாக இருந்தது.

அந்தத் தைரியத்தில் தோணியில் கைவைத்தேன். என் அப்பா தோணிச் சரக்குக்குக் கணக்குப்பிள்ளை. நான் முப்பது வருடம் வரைவாளராக வேலை பார்த்தவன். “தோணிக்கு வரைபடம் கிடையாது, எல்லாம் கண்ணளவு” என்று ஊரே சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். சரி, வரைபடத்தை நானே போட்டுவிடலாம் என்று கரையேற்றி வைத்திருந்த ஒரு பழைய தோணியை டேப் வைத்து அளந்தேன்.

அளக்கும்போதே இந்த ஊரின் சரித்திரம் கையில் பட்டது. அகன்ற வயிறு, தட்டையான அடி. கூர்மையான அடியோடு ஆழம் தேடும் கப்பல் இங்கே கரைக்கு வர முடியாது. முயல்தீவும் வான்தீவும் அலையைத் தடுத்துக் கொடுத்தாலும் தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. 1876-ல் ரயில் வந்தது. பஞ்சு மூட்டைகள் கரைவரை வந்து குவிந்தன. நீராவிக் கப்பல்களோ எட்டுக் கிலோமீட்டர் தள்ளித்தான் நங்கூரம் போட்டன. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து காலியா, லாவோ என்ற கப்பல்களைக் கொண்டுவந்தார். அந்தப் பெயர்கள் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படித் தள்ளி நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் நடுவே சரக்குச் சுமந்த படகுகளின் பெயர் ஒன்றுகூட எவருக்கும் நினைவில்லை. பெரிய தோணிகள் உப்பும் வெங்காயமும் கூரை ஓடுகளும் ஏற்றிக்கொண்டு, பாய் விரித்து, 270 கிலோமீட்டர் தாண்டிக் கொழும்புக்கே போய் வந்தன.

அளவை வைத்து ஒட்டுப்பலகையில் வங்குகளை அறுத்து ஏராவின் மேல் நிறுத்தினேன். ஏரா என்பது அடிமரம். வங்கு என்பது தோணியின் விலா எலும்பு. நிஜத்தில் இரண்டு அங்குலப் பலகை, என் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் சீவல். அணியத்துப் பக்கம், அதாவது தோணியின் முன்புறம், சீவல்கள் படியவே இல்லை. ஒன்று புடைத்தது, ஒன்று முறிந்தது. இரண்டு தோணிகளைத் தூக்கிப் போட்டேன். ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளைப் பற்றி 1920-ல் எழுதியதைப் படித்தேன். நல்ல நூல். என் சிக்கலுக்கு விடை எனக்கு அதில் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு முதிய ஓடாவியிடம், அதாவது படகு கட்டும் தச்சரிடம், கொண்டுபோனேன். பாக் நீரிணைக் கரையில் தாய்மாமனிடம் வத்தைப் படகு கட்டிப் பழகி, இளவயதில் இங்கே வந்து தோணி வேலையில் நின்றவர். மாதிரியைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி, அணியத்திலிருந்து நெடுகப் பார்த்தார்.

“தம்பி, வங்கு தப்பா நிக்கி. பலகைய என்னத்துக்குக் குறை சொல்லுதீக?”

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பலகையை இழுத்தார். எண்ணெய் ஏறிக் கறுத்த பழைய பலகை. அதில் ஏணிப்படி போலக் கோடுகள், உளியால் கீறியவை. ஒரு பக்கம் இடைவெளி அகலம், போகப் போக நெருக்கம். நடு வங்குக்கு ஒரு அச்சு. அணியத்தை நோக்கி ஒவ்வொரு வங்கும் எவ்வளவு ஒடுங்க வேண்டும், அடி எவ்வளவு ஏற வேண்டும் என்பதற்கு அந்தக் கோடுகள். ஒரு அச்சையும் இந்த ஏணியையும் வைத்து முழு உடம்பையும் வரைந்துவிடுவார்கள். நான் தேய்ந்துபோன பழைய தோணியின் வெளிப்புறத்தை அளந்து உள்ளே போயிருந்தேன். உளுத்து, சரிந்து, சரக்கு அழுத்தி மாறிப்போன உடம்பின் அளவு அது.

முப்பது வருடம் வரைபடம் போட்டவன், வரைபடத்தைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் நின்றேன். கண்ணளவு என்று நாம் சொன்னது அறியாமை. கணக்கு இருந்தது, காகிதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கரையில் 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. 1974-ல் புதிய துறைமுகம் திறந்தது. கப்பல்கள் தளத்தை ஒட்டியே நின்றன. தோணிகளில் பாய் போய் எஞ்சின் வந்தது. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் கொண்டுபோகும் தோணிகள் இருக்கின்றன. முத்தைப் பற்றி எத்தனையோ எழுதிவிட்டோம். ஓடாவியிடம் இருந்தது போன்ற பலகைகள் எந்த வீட்டு அடுப்பில் எரிகின்றன என்று கேட்க ஆள் வேண்டும். அருங்காட்சியகத்தில் முடித்த மாதிரியை மட்டும் வைத்தால் போதாது. பக்கத்தில் அந்தப் பலகையும் தொங்க வேண்டும். ஓடாவியின் அனுமதியோடு நான் அதை முழு அளவில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது தோணியில் சீவல்கள் தானாகப் படிந்தன. இடைவெளிகளில் மெல்லிய பருத்தி நூல் திணித்தேன். இதற்குக் கலப்பத்து என்று பெயர். அரபியிலும் போர்த்துகீசியத்திலும் இந்த வேலைக்கு இதே ஒலியுள்ள சொற்கள் உண்டு. யார் யார் இந்தக் கரைக்கு வந்துபோனார்கள் என்பதற்கு அந்த ஒரு சொல்லே சாட்சி. நாட் கற்றுக்கொடுத்தபடி பெயின்டைத் தண்ணீராக இளக்கிக்கொண்டேன். நீர்க்கோட்டுக்கு மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்று முடிவுசெய்து, அடிப்பதற்கு முன் ஓடாவியிடம் காட்டினேன். நான் போட்டிருந்த கோட்டைப் பார்த்தார்.

“சரக்கோடவா நிக்குது, வெறுமனயா?”

நான் அதை யோசிக்கவே இல்லை. அப்பாவின் கணக்கு நோட்டு நினைவுக்கு வந்தது.

“சரக்கோடதான் அண்ணாச்சி. உப்பு.”

காதிலிருந்து பென்சிலை எடுத்து, என் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே, அணியம் முதல் பின்புறம் வரை ஒரே இழுப்பில் கோடு போட்டார். அந்தக் கோட்டின் மேல்தான் பெயின்ட் அடித்தேன்.