தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்ட கைதிகள்: அவர்கள் கல்லறை எங்கே?

நவம்பர் 2-ஆம் நாள் நாம் கல்லறைத் தோட்டங்களுக்குச் சென்று, நம்மவருக்காக மட்டுமல்ல, யாரும் நினைக்காத ஆன்மாக்களுக்காகவும் செபிக்கிறோம். அப்படி மறக்கப்பட்டவர்களில் சிலர் நம் மாவட்டத்து மண்ணிலிருந்தே கடல் கடந்து அனுப்பப்பட்டவர்கள்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைத் திடலுக்கு அருகே, அங்கு நடந்த போரில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினரின் கல்லறைகள் உள்ளன. நம்மை எதிர்த்து வந்தவருக்கு நம் மண்ணில் கல்லறை உண்டு. அதே போரில் கம்பெனியார் 'எதிரிகள்' என்று பிடித்துக் கொண்டுபோன நம்மவருக்கு எங்கே இருக்கிறது?

1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின், அவர் தம்பி ஊமைத்துரையும் உறவினரும் தாமிரபரணிக் கரையிலுள்ள பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். 1801 பிப்ரவரி 2 அன்று, வெள்ளை அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் அமர்ந்திருந்த வேளையில், அவர்கள் காவலை உடைத்துத் தப்பினர். இடிக்கப்பட்ட கோட்டை மீண்டும் எழுந்தது. மே 24-இல் வீழ்ந்தது. ஊமைத்துரை சிவகங்கைக்குச் சென்று மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். ஆண்டு முடிவதற்குள் மூவருமே தூக்கிலிடப்பட்டனர்.

தூக்குக்குத் தப்பியவர்களில் 73 பேர் 1802 பிப்ரவரி 11 அன்று தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் அனுப்பப்பட்ட இடம் பினாங்குத் தீவு. சிவகங்கையை ஆண்ட வேங்கன் பெரிய உடையத் தேவர் அவர்களுள் ஒருவர். அவர் அங்கிருந்து சுமத்ராவின் பென்கூலனுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அதே 1802-இல் இறந்தார். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அந்தக் கப்பலில் இருந்தார். அப்போது அவர் சிறுவர்.

துரைசாமியைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, அவரைக் காவல் காத்தவரே எழுதியது. ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் கம்பெனி அதிகாரி சண்டைக்கு முன் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர். தூத்துக்குடியில் அந்தச் சிறுவனின் சங்கிலிப் பாரத்தைக் குறைத்து, சற்று நல்ல உணவு கொடுக்கத்தான் அவரால் முடிந்தது. 1818-இல் அவர் பினாங்கு சென்றபோது, தளர்ந்து போன கிழவர் ஒருவர் வந்து எதிரே நின்றார். வெகுநேரம் பார்த்துக் கண்ணீர் வடித்து, கடைசியில் தம் பெயரைச் சொன்னார். துரைசாமி! வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதை எழுதியிராவிட்டால், இந்த ஒரு முகமும் நமக்குக் கிடைத்திராது. மற்றவர்களுக்கு ஒரு வெல்ஷ் வாய்க்கவில்லை.

வேலூரை நினைத்துப் பாருங்கள். 1815-இல் பிடிபட்ட கண்டி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரும் ஆங்கிலேயரின் கைதிதான். அவர் 1832-இல் வேலூரில் இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்துமண்டபம் நிற்கிறது. அயல்நாட்டு மன்னருக்கு இங்கே கிடைத்த மரியாதை, நம் 73 பேருக்குக் கடலுக்கு அப்பால் கிடைக்கவில்லை.

தேட விரும்புவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நம் பங்குகளில் அடக்கப் பதிவேடு இருப்பதால், பினாங்கு ஆலயப் பதிவேடுகளில் தேடலாம் என்று தோன்றும். ஆனால் இவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். அங்கே பெயர் இருக்க வாய்ப்பில்லை. அரசு ஆவணங்களே வழி. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் கம்பெனிக் காலப் பதிவுகள் உள்ளன. அக்காலத்தில் ஆங்கிலேயர் பினாங்கை 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்றே எழுதினர். அந்தப் பெயரிலும் தேட வேண்டும். பென்கூலன் 1824 ஒப்பந்தத்தின்படி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று என்பதையும் மறக்கலாகாது. ஆட்பெயர்களோ ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கின்றன. துரைசாமியையே வெல்ஷ் 'டோரா சாமி' என்று படிக்கும்படி எழுதியிருக்கிறார். சத்தமாக வாசித்துப் பார்த்தால்தான் நம் பெயர் தெரியும்.

ஒட்டப்பிடாரம், சிவகங்கை வட்டாரக் குடும்பங்களில், கப்பலேற்றப்பட்ட முன்னோர் எவரைப் பற்றியாவது பேச்சு இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே பெயரையும் ஊரையும் உறவுமுறையையும் கேட்டு எழுதி வையுங்கள்.