வீட்டுக்கு ஒரு பிரதி: தமிழ்த் தொடர்கதையும் வளரிளமையின் கதையும்

தமிழில் வளரிளமையையும் குடும்பத்தையும் காதலையும் பொருளாகக் கொண்ட நாவல்களுள் பெரும்பாலானவை, ஏறத்தாழ நூறாண்டுக் காலம், நூலாவதற்கு முன் பத்திரிகைகளில் தொடர்கதையாகவே வெளிவந்தன. நெடுங்கதை ஒன்றை அத்தியாயங்களாகப் பிரித்து, இதழுக்கு ஒன்றாக அச்சிட்டு, அடியில் ‘தொடரும்’ என்று குறிக்கும் இம்முறை அச்சுத் தொழிலின் தேவையிலிருந்து தோன்றியது. வாசகர் அடுத்த இதழையும் வாங்கினால்தான் பத்திரிகை நிலைக்கும் என்பதே அதன் அடிப்படை. ஆயினும் அந்த இதழ் யாருக்காக வாங்கப்பட்டது என்னும் கேள்வி இலக்கிய வரலாறுகளில் போதிய கவனம் பெறவில்லை. அது பெரும்பாலும் தனி ஒருவருக்காக அன்றி வீட்டுக்காக வாங்கப்பட்டது; ஒரே பிரதியைப் பாட்டியும் மருமகளும் கல்லூரிக்குப் போகும் மகனும் பூப்பெய்திய மகளும் முறைவைத்துப் படித்தனர். காதலைப் பற்றித் தமிழ் நாவல் எவ்வளவு பேசலாம், எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்பதை முடிவு செய்ததில் பத்திரிகை ஆசிரியருக்கு இருந்த பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு அந்த ஒற்றைப் பிரதிக்கும் இருந்தது.

தொடக்ககால நாவல்களைப் படிக்கும்போது முதலில் புலப்படுவது, காதலுக்கு முன்பே திருமணம் நடந்துவிடுகிறது என்பதாகும். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879 இல் வெளிவந்தது; அதில் பிரதாபனும் ஞானாம்பாளும் உறவுமுறைப் பிள்ளைகளாக ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகப் படித்து, பின்னர் கணவன் மனைவி ஆகின்றனர். வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜமையர் 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ என்னும் மாத இதழில் எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’, முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாள் என்னும் நெடுநாள் தம்பதியரின் வாழ்வை நடுவில் வைத்து, அவர்களுடைய மகள் லட்சுமிக்கும் சிறுவயதிலேயே அவளுக்கு மணம் செய்விக்கப்பட்ட ஸ்ரீநிவாசனுக்கும் இடையே அன்பு அரும்புவதைத் தனி இழையாக வளர்க்கிறது. அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ (1898) நாராயணன் என்னும் ஏழைச் சிறுவன் படித்து ஆளாவதைத் திருநெல்வேலியிலிருந்து சென்னை வரை பின்தொடர்கிறது. ஆண்மகனின் வளர்ச்சியைத் தமிழில் நெடுகச் சொன்ன முதல் முயற்சிகளுள் அது ஒன்று. எனினும் அங்கும் மணவாழ்க்கையின் நடுவில்தான் காதல் சோதனைக்கு உள்ளாகிறது. குழந்தை மணம் நிலவிய குடும்பங்களில் பெண்ணுக்குச் சிறுமிப் பருவத்துக்கும் இல்லறத்துக்கும் இடையே வேறொரு பருவமே இல்லாதபோது, அவள் வளர்ந்த கதை என்று தனியே எழுத நாவலாசிரியருக்குப் பொருள் ஏதும் இருக்கவில்லை. இக்கொடுமையை நேராகத் தொட முயன்றவரும் மாதவையாவே. 1892 இல் ‘விவேக சிந்தாமணி’யில் அவர் தொடங்கிய ‘சாவித்திரி சரித்திரம்’ சில பகுதிகளோடு நின்றுபோய், இளம் விதவை ஒருத்தி தன் கதையைத் தானே சொல்லும் ‘முத்துமீனாக்ஷி’யாக 1903 இல்தான் முழு உருப்பெற்றது. தமிழ்த் தொடர்கதையின் வரலாற்றில், இதழில் இடமிழந்து நூலில் இடம்பெற்ற பெண்குரல்களுள் அது முற்பட்டது.

இந்நிலையில் பெண்ணொருவர் பத்திரிகை நடத்தித் தொடர்கதை எழுதியது எத்தகைய துணிவு என்பதை வை.மு. கோதைநாயகி அம்மாளின் வாழ்க்கை காட்டுகிறது. 1901 இல் பிறந்த அவருக்கு ஐந்து வயதிலேயே திருமணம் நடந்தது. பள்ளிப் படிப்பு இல்லை. கதை சொல்வதில் வல்லவரான அவர், தம் முதற்படைப்பான ‘இந்திர மோகனா’ என்னும் நாடகத்தை வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925 இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தம் பொறுப்பில் ஏற்று, அதில் ‘வைதேகி’ தொடங்கி நாவல்களை வெளியிட்டார். அவர் எழுதிய நாவல்கள் 115 என்பர். அவ்விதழ் பெரும்பாலும் நாவலுக்காகவே வாங்கப்பட்ட இதழாகும். எழுத்தறிந்த பெண்கள் மிகச் சிலராக இருந்த அக்காலத்தில் வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர் வேலைக்கு நடுவே கேட்பது வழக்கம். வாயால் சொல்லப்பட்டு, பிறர் கையால் எழுதப்பட்டு, அச்சேறி, மீண்டும் ஒருத்தியின் வாய்வழியே பலர் காதுக்குச் சென்ற கதைமரபு அது. கோதைநாயகியின் நாவல்களில் உரையாடல் மிகுந்திருப்பதையும் அறிவுரை நீள்வதையும் குறையாகச் சொன்ன விமர்சகர்கள், அவை உரக்கப் படிப்பதற்கென அமைந்தவை என்பதைக் கருதியிருந்தால் இன்னும் நடுநிலையான தீர்ப்பை அடைந்திருப்பர். கைம்பெண் நிலை, வரதட்சணை, மதுவின் கேடு முதலியவற்றை வீட்டின் உட்கட்டில் பேசுபொருளாக்கிய அவர், அரசியல் மறியலில் ஈடுபட்டுச் சிறையும் சென்றவர்.

பெண்ணின் இளமைக்குப் புனைகதையில் இடம் கிடைத்ததற்கு இலக்கியத்துக்கு வெளியிலிருந்த இரண்டு மாற்றங்கள் முக்கியக் காரணங்களாயின. ஒன்று, பெண்ணின் மணவயதைப் பதினான்காக வரையறுத்து 1929 இல் இயற்றப்பட்ட, சாரதா சட்டம் என வழங்கிய குழந்தைமணத் தடைச் சட்டம். அது முழுமையாக நடைமுறைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று எனினும், குழந்தை மணத்தைக் குற்றம் என்று சொல்லும் நிலையை உண்டாக்கிற்று. மற்றொன்று, பெண்களின் கல்லூரிப் படிப்பு. சென்னையில் 1914 இல் தொடங்கிய பெண்கள் கல்லூரியே பின்னர் ராணி மேரி கல்லூரி எனப்பட்டது. பூப்புக்கும் மணத்துக்கும் இடையே மூன்றாண்டு, ஐந்தாண்டு என ஓர் இடைவெளி திறந்துகொண்டது. அந்த இடைவெளியில் பேருந்தில் ஏறிய, விடுதியில் தங்கிய, கடிதம் எழுதிய, யாரை மணப்பது என்று தானே எண்ணிப் பார்த்த இளம்பெண், அடுத்த நாற்பதாண்டுத் தொடர்கதைகளின் நாயகி ஆனாள்.

அவளை எல்லா வீடுகளுக்கும் கொண்டுசென்றவை வார இதழ்கள். 1928 இல் எஸ்.எஸ். வாசன் ‘ஆனந்த விகட’னை வாங்கி நடத்தத் தொடங்கியதும், அங்கு எழுதிப் புகழ்பெற்ற கல்கி 1941 இல் தம் பெயரிலேயே இதழ் தொடங்கியதும், 1947 இல் ‘குமுதம்’ தோன்றியதும் தொடர்கதையை மாதத்திலிருந்து வாரத்துக்கு மாற்றின. இந்த வேகமாற்றம் கதையின் அமைப்பையே மாற்றிற்று. அத்தியாயம் ஏழு நாளுக்கு நினைவில் நிற்க வேண்டியிருந்ததால் அது ஒரு திருப்பத்தில் முடியலாயிற்று. ஓராண்டு, ஒன்றரையாண்டு நீண்ட கதையில் நாயகி பள்ளியை முடித்து மணமேடைக்கு வரும் காலத்துக்குள், அவளைப் படித்த வீட்டுப் பெண்ணும் ஒரு வகுப்பு ஏறியிருந்தாள். கல்கியின் ‘தியாகபூமி’ 1938–39 இல், கே. சுப்பிரமணியம் இயக்கிவந்த திரைப்படத்தின் நிழற்படங்களோடு விகடனில் வந்தது. கணவனால் ஒதுக்கப்பட்ட சாவித்திரி, செல்வம் பெற்ற பின் தன்னோடு வாழும்படி அவன் வழக்குத் தொடுத்தபோது, அவனோடு வாழ மறுத்து அவனுக்கு ஜீவனாம்சம் கொடுக்க முன்வருவதாக அமைந்த கதை, பல வீடுகளின் கூடத்தில் வாசிக்கப்பட்டது. ஒற்றைப் பிரதியால் விளைந்தது கட்டுப்பாடு மட்டும் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே வாரத்தில் ஒரே அத்தியாயத்தைப் படித்தனர் என்றால், தங்களைப் பற்றி நேரில் பேச முடியாததைச் சாவித்திரியைப் பற்றிப் பேசுவதாக அவர்களால் பேச முடிந்தது.

எழுத்து, பெண்களுக்கு ஊதியம் தரும் தொழிலாக ஆனதும் இவ்விதழ்களின் வழியேதான். திரிபுரசுந்தரி என்னும் இயற்பெயருடைய லக்ஷ்மி (1921–1987), சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது குடும்பத்தின் பணநெருக்கடியைச் சமாளிக்க விகடனில் எழுதத் தொடங்கினார்; மருத்துவரான பின்னும் எழுத்தை விடாத அவர், தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பி, 1984 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கூட்டுக்குடும்பத்தின் உள்ளறைகளை எழுதிய அநுத்தமாவும், ‘பெண் குரல்’ நாவலுக்காக 1953 இல் கலைமகள் பரிசு பெற்ற ராஜம் கிருஷ்ணனும், குழந்தைகளின் மனத்தை நுட்பமாக எழுதிய ஆர். சூடாமணியும் இக்காலத்தவர். இவர்களைக் ‘குடும்பக்கதை எழுதுபவர்’ என்று ஒதுக்கிய வழக்கம் தமிழ்த் திறனாய்வுக்கு நேர்ந்த பெரிய இழப்பாகும். தனி ஒருவர் ஆளாவது என்பது தமிழ்ச் சூழலில் குடும்பத்தோடு நடத்தும் ஓயாத பேச்சுவார்த்தையே என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் இவர்கள்.

வாரந்தோறும் வந்து மறைய வேண்டிய கதையை வாசகர்கள் தாங்களே நூலாக்கிக்கொண்ட வழக்கம் தனியே விரித்துரைக்கத் தக்கது. தொடர்கதை முடிந்ததும், அல்லது முடியும் முன்பே, அதன் பக்கங்களை இதழ்களிலிருந்து கவனமாகப் பிரித்தெடுத்து, வரிசைப்படி அடுக்கி, வீட்டிலேயே கோணி ஊசியால் தைத்தோ, கணக்கேடுகளுக்கு அட்டை கட்டும் பைண்டரிடம் கொடுத்தோ, முதுகில் கதையின் பெயரை எழுதி வைத்துக்கொள்வர். இத்தகைய ‘பைண்டு’ புத்தகங்கள் பெண்ணோடு புகுந்த வீட்டுக்குச் சென்றன. அண்டை வீடுகளுக்கு இரவலாகப் போயின. பல கை மாறிச் சென்னை மூர் மார்க்கெட் போன்ற பழம்புத்தகச் சந்தைகளுக்கு வந்தன. அவற்றில் கதையோடு மணியம், கோபுலு முதலிய ஓவியர்களின் படங்களும், பக்கத்தின் மறுபுறத்தில் அகப்பட்டுக்கொண்ட சோப்பு விளம்பரமும், பாதியில் அறுபட்ட துணுக்கும் காப்பாற்றப்பட்டன. பதிப்பகங்கள் வெளியிட்ட நூல்களில் பெரும்பாலும் படங்கள் நீங்கின. அவற்றோடு, நாயகி எப்படிப் புடவை கட்டினாள், எத்தகைய நாற்காலியில் அமர்ந்தாள் என்று வாசகர் மனத்தில் நின்ற தோற்றமும் நீங்கிற்று. ‘மணிவண்ணன்’ என்ற புனைபெயரில் நா. பார்த்தசாரதி கல்கி இதழில் எழுதிய ‘குறிஞ்சி மலர்’ முடிந்தபின் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைக்கப்பட்டது என்றால், வார இதழின் கதைமாந்தர் குடும்பத்தின் உறுப்பினராகவே கருதப்பட்டனர் என்பது தெளிவாகும்.

எனினும் எல்லா இளமையும் கூடத்தில் வாசிக்கத் தக்கது அன்று. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ 1950களில் சுதேசமித்திரனின் வார இதழில் தொடராக வந்தது. தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவின் மேல் பாபு கொண்ட பித்தை, கும்பகோணத்தின் தெருக்களிலும் ரங்கண்ணாவிடம் அவன் பெற்ற சங்கீதப் பயிற்சியிலும் தோய்த்துச் சொன்ன இந்நாவல், ஓர் இளைஞன் உடலாலும் கலையாலும் ஆளாவதைத் தமிழில் மிக நிறைவாகக் காட்டியது. காமத்தைச் சங்கீதத்தின் அருகில் வைத்துச் சொன்ன அதன் முறையே அதை வீட்டுப் பிரதிக்குள் புக விட்டது எனக் கருத இடமுண்டு. பின்னர் அவர் எழுதிய ‘அம்மா வந்தாள்’, தாயின் பிறழ்வை மகனின் கண்வழியே காணும் கதை. 1966 இல் வாசகர் வட்டம் அதை நேரடியாக நூலாக வெளியிட்டது. அதே ஆண்டு விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையில், மழையில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட கல்லூரிப் பெண்ணின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூயவள் என்று தாய் ஏற்றுக்கொள்கிறாள். சட்டமும் கல்லூரியும் திறந்த அந்த இடைவெளியில் நடந்துசென்ற பெண்ணுக்கு ஆபத்து நேர்ந்தால் வீடு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை வீட்டின் நடுவிலேயே அது எழுப்பியதால்தான் அவ்வளவு எதிர்ப்பும், மாற்றுமுடிவோடு பிறர் எழுதிய கதைகளும் தோன்றின. தாய் அவ்வாறு ஏற்காமல் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் என்னவாகும் என்பதை ஜெயகாந்தனே பின்னர் தினமணி கதிரில் தொடராக எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என நூலான அப்படைப்புக்கு 1972 இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

ஒற்றைப் பிரதியின் ஆட்சி இதற்குப் பின் இரு திசைகளிலிருந்து தளர்ந்தது. 1969 இல் தொடங்கிய ‘ராணி முத்து’, முழுநாவலை ஒரே இதழில் மலிவு விலைக்குத் தரும் ‘மாத நாவல்’ முறையைப் பரப்பிற்று. பேருந்து நிலையக் கடையில் வாங்கி, பையில் மடித்து வைத்து, தனியே படித்து முடிக்கக்கூடிய பிரதி வேலைக்குப் போகும் பெண்ணின் கைக்கு வந்தது. ரமணிசந்திரனின் காதல் நாவல்கள் பெருகியது இந்த ஏற்பாட்டில்தான். மறுபுறம், குறைந்த எண்ணிக்கையில் அச்சாகி இலக்கிய ஆர்வலரிடையே மட்டும் சென்ற சிற்றிதழ்களும் அவற்றைச் சார்ந்த பதிப்பகங்களும் வேறொரு வாசகரை உருவாக்கின. 1948 இல் ஐதராபாத் இந்தியாவோடு இணைக்கப்பட்ட காலத்தில் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடி வளரும் சந்திரசேகரனைப் பற்றிய அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ 1977 இல் வெளிவந்தபோது, வாரத் திருப்பமோ ஆறுதலான முடிவோ அதற்குத் தேவைப்படவில்லை.

1990களில் தொலைக்காட்சித் தொடர்கள் கூடத்தைக் கைப்பற்றியதும், வீடு முழுவதும் சேர்ந்து நுகரும் கதை அச்சிலிருந்து திரைக்கு இடம்பெயர்ந்தது. பக்கங்களைத் தைத்து வைக்கும் வழக்கமும் அதோடு அருகிற்று. அதே காலத்தில், வார இதழ்களின் குடும்பக்கதையில் இடம்பெறாத வீடுகளிலிருந்து வளரிளமையின் கதைகள் நேரடியாக நூலாக வந்தன. பாமாவின் ‘கருக்கு’ (1992) தலித் கிறித்தவச் சிறுமி ஒருத்தி ஊரிலும் விடுதியிலும் மடத்திலும் கற்றதைப் பேச்சுமொழியிலேயே சொன்னது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004), பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் முஸ்லிம் பெண்களின் உலகை எழுதிற்று. சாரதா சட்டத்துக்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும், பள்ளிக்கும் மணத்துக்கும் இடையிலான அந்தச் சில ஆண்டுகள் எல்லாப் பெண்களுக்கும் திறந்துவிடவில்லை என்பதை, அவ்வாறு நிறுத்தப்பட்டு ஊர் நூலகத்துப் புத்தகங்களால் தம்மை வளர்த்துக்கொண்ட ஒருவரே எழுதினார்.