பாசியைப் பட்டினி போட்டவர்கள்

1846-ல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்கு எடுத்துவந்தார். கடல் தொலைவில் இருந்ததால் நினைத்தபோது நீரை மாற்ற முடியாது. அதனால் அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த ஜன்னலருகே நின்று, டீ ஆற்றுவதுபோல அந்தக் கடல்நீரைத் தினமும் ஆற்றினாள். பிறகு அன்னா தொட்டியில் கடற்செடிகளைப் போட்டார். அவை மூச்சுக்காற்றைத் தந்தன. ஆற்றும் வேலை குறைந்தது.

செடி வந்தால் அழையா விருந்தாளியாகப் பாசியும் வரும். வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-ல் நன்னீர்த் தொட்டியில் தங்கமீனையும் நீர்ச்செடியையும் வைத்துச் சோதித்தபோது அழுகிய இலையும் பச்சை வழவழப்பும்தான் தொல்லை தந்தன. நத்தைகளை விட்டார், அவை மேய்ந்து தீர்த்தன. இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் இதே வேலைக்குக் கடல் நத்தைகளை அமர்த்தினார். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு கடல்நீர்த் தொட்டி பற்றிய காஸின் புத்தகமும் வெளிவர, லண்டன் வரவேற்பறைகளில் கண்ணாடித் தொட்டி மோகம் பற்றிக்கொண்டது.

எல்லோரும் தொட்டியை ஜன்னலோரம்தான் வைத்தார்கள். வெயில் பக்கவாட்டில் இறங்கியது. சில வாரங்களில் கண்ணாடி பச்சையாகி, நீர் கஷாயமாகிவிடும். எத்தனை நத்தையால்தான் மேய முடியும்? கடலில் வெளிச்சம் மேலிருந்துதானே விழுகிறது என்று யோசித்த வாரிங்டன், பக்கங்களை மறைத்துச் சாய்ந்த முதுகுடன் ஒரு தொட்டி செய்தார்.

ஆனாலும் இந்தக் கதையின் நாயகன் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட்தான். லண்டனில் தொட்டி விற்றவர், 1862-ல் திவாலானவர். 1864-ல் ஹாம்பர்க்கிலும் 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் பெரிய கடல்நீர்க் காட்சியகங்களை நிறுவினார். காட்சித் தொட்டிகளுக்குக் கீழே, அவற்றைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுத் தேக்கம் ஒன்றைக் கட்டினார். நம் வீட்டு சம்ப் போலத்தான். நீர் ஓயாமல் மேலேறிக் கீழிறங்கும். அதில் பெரும்பகுதி எப்போதும் இருளிலேயே இருக்கும். வெளிச்சமில்லாத இடத்தில் மிதக்கும் பாசி பெருகாது. ஆண்டுக்கணக்கில் அதே நீரையே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். பிற்பாடு நேப்பிள்ஸ் கடலுயிர் ஆய்வுக்கூடமும் அவரிடம் ஆலோசனை கேட்டது.

இந்த இருட்டு வைத்தியம் பாறை கட்டும் பவளத்துக்குப் பலிக்காது. அதன் உடலுக்குள்ளேயே நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் அதுவும் வாடும். வெளிச்சத்தைத் தந்துகொண்டே வேண்டாத பாசியை அடக்க முக்கிய வழி, அதன் சோற்றை நிறுத்துவதுதான். அந்தச் சோறு, மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். ஜகார்த்தாவின் லீ சின் எங் உயிருள்ள பவளப்பாறைத் துண்டுகளைத் தொட்டியில் வைத்துப் பராமரிக்கும் முறையை 1961-ல் எழுதினார். பெர்லின் தொட்டிக்காரர்கள் அதனுடன் நுரை வழியே கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள்.

அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி தலைகீழாக யோசித்தார். பாசியை ஏன் துரத்த வேண்டும்? தனியே ஒரு தட்டில் வலை விரித்து, பலத்த விளக்கடியில் அலையடிக்க நீரைப் பாய்ச்சி, பாசியை அங்கேயே வளரவிட்டார். அது ஊட்டத்தை உறிஞ்சிக் கொழுக்கும். அவ்வப்போது சுரண்டி எறிந்தால் போதும், தொட்டிப் பாசிக்கு மிச்சம் இராது. 1987-ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் திறந்த பிரம்மாண்டப் பவளத் தொட்டி இதை நம்பித்தான் ஓடியது. நீர் மஞ்சளித்தது, பின்னாளில் அந்தத் தட்டுகள் அகற்றப்பட்டன.

ஊட்டத்தை உறிஞ்சத் தொட்டிக்காரர்கள் வளர்த்த இன்னொரு பாசி காலெர்பா. ஸ்டுட்கார்ட் காட்சியகத்தில் குளிரைத் தாங்கும் ரகம் ஒன்று உருவாகி மற்றக் காட்சியகங்களுக்கும் போனது. 1984-ல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் எதிரே, கடலடியில் சுமார் ஒரு சதுர மீட்டர் பரப்பில் அது தென்பட்டது. அங்கிருந்து மத்தியதரைக் கடற்கரை நெடுகப் பரவியது. தொட்டியிலிருந்து வந்ததுதான் என்றார் ஆய்வாளர் அலெக்ஸாந்தர் மெய்னேஸ், அருங்காட்சியகம் ஒப்பவில்லை. 2000-ல் அதே ரகம் கலிபோர்னியாவின் ஒரு காயலில் தலைகாட்டியது. அங்கே தாமதிக்கவில்லை. திட்டுத் திட்டாகத் தார்ப்பாய் போர்த்தி, அடியில் குளோரின் செலுத்தினார்கள். 70 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. 2006-ல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். குளோரினைக் கழித்துவிட்டால், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது லாயிட்டின் பழைய இருட்டு.