எவான் சட்டம்: பிரான்ஸில் மது விளம்பரக் கட்டுப்பாட்டின் வரலாறு

மது விளம்பரம் குறித்த ஆய்வுகளில் பிரான்ஸின் எவான் சட்டம் (1991) தவறாமல் இடம்பெறுகிறது. மக்கள் நலனில் பிறந்த சட்டம் என்றே அதைச் சொல்வது வழக்கம். ஆனால் அதன் வேர் ஒரு வணிக வழக்கில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலம் தொட்டு பிரான்ஸ் மதுவைப் பல வகைகளாகப் பிரித்து வைத்திருந்தது. எந்த வகைக்கு விளம்பரம் உண்டு என்பதை அந்தப் பிரிவே தீர்மானித்தது. பிரெஞ்சுத் தயாரிப்புகளான கோன்யாக்கும் ரம்மும் விளம்பரம் செய்துகொள்ளலாம். தானியத்தில் வடிக்கும் விஸ்கிக்குத் தடை. விஸ்கியோ இறக்குமதிச் சரக்கு. இது உள்நாட்டுச் சரக்குக்குக் காட்டும் ஓரவஞ்சனை என்று 1980 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே எல்லாவற்றுக்கும் திறந்துவிட வேண்டும், இல்லையேல் எல்லாவற்றுக்கும் ஒரே கடிவாளம் போட வேண்டும். 1987இல் தொலைக்காட்சியில் மது விளம்பரம் தடைசெய்யப்பட்டது. குளோத் கோ, ழெரார் துபுவா உள்ளிட்ட ஐந்து மருத்துவப் பேராசிரியர்கள் கட்டுப்பாடு கேட்டு விடாமல் அழுத்தம் கொடுத்தார்கள். சுகாதார அமைச்சர் குளோத் எவான் சிகரெட்டையும் மதுவையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தார். 1991 ஜனவரி 10 அன்று அது சட்டமானது.

இச்சட்டத்தின் கூர்மை அதன் அமைப்பில் இருக்கிறது. எதைச் சொல்லக்கூடாது என்று அது அடுக்கவில்லை. எதைச் சொல்லலாம் என்று மட்டும் வரையறுத்தது. 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எந்தப் பானமும் தன் பெயர், ஊர், தயாரிப்பாளர், செய்முறை, ஆல்கஹால் அளவு, பருகும் முறை போன்றவற்றைச் சொல்லலாம். கடற்கரை, காதல், வெற்றி, நண்பர் கூட்டம் எதற்கும் இடமில்லை. வானொலி விதி இன்னும் நுணுக்கமானது. நள்ளிரவு முதல் மாலை 5 மணி வரை விளம்பரம் செய்யலாம். புதன்கிழமை மட்டும் காலை 7 மணியோடு நிறுத்திவிட வேண்டும். சட்டம் வந்த காலத்தில் புதனன்று பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது. விளையாட்டுக்குப் புரவலராக இருப்பதும் தடை. அதனால் ஹைனகன் கோப்பை என்னும் ஐரோப்பிய ரக்பி போட்டி பிரான்ஸில் வெறும் ‘எச் கோப்பை’ ஆனது. மது நிறுவனத்தின் பெயரை வேறு பொருளில் ஒட்டி விற்பதும் மறைமுக விளம்பரமே என்றது சட்டம். மதுப் பெயரில் சோடா விளம்பரம் பார்த்துப் பழகிய நமக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

நீதிமன்றங்கள் சட்டத்தைப் பெருமளவு காத்தன. 2004இல் பக்கார்டி வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமும் அதன் பக்கம் நின்றது. சட்டத்தைத் தளர்த்தியது நாடாளுமன்றம். 1994இல் சுவரொட்டிகளுக்கு எங்கும் அனுமதி கிடைத்தது. 2009இல் இணையம் திறந்தது. ஒயின் விளையும் பகுதிகளின் மரபைப் பற்றிப் பேசுவது விளம்பரமாகாது என்று 2016 திருத்தம் கூறியது. இதற்கிடையே, திராட்சைத் தொழிலில் உள்ளவர்கள் கையில் கோப்பையோடு சிரிக்கும் போர்தோ ஒயின் விளம்பரத்தைப் பத்தாண்டு வழக்குக்குப் பிறகு 2015இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. பட்டியலில் இல்லாத சிரிப்பு அப்படித்தான் உள்ளே வந்தது.

சட்டத்தால் குடி குறைந்ததா? 1961இல் வயது வந்த ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 26 லிட்டர் தூய ஆல்கஹால் விற்றது. இப்போது அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் இச்சரிவு சட்டத்துக்கு முப்பதாண்டு முன்பே தொடங்கியது; அன்றாட மேசை ஒயின் மறைந்ததே பெரிய காரணம். அதை எவான் கணக்கில் எழுதுவது நேர்மையல்ல. 2015இல்கூட மதுவால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ 41,000 என்று பிரான்ஸின் பொதுச் சுகாதார முகமை கணக்கிட்டது. கட்டுப்பட்ட விளம்பரம் இளைஞர்களை அவ்வளவாக ஈர்ப்பதில்லை என்று கரீன் கலோப்பெல்-மோர்வான் குழுவின் ஆய்வுகள் காட்டுகின்றன. விளம்பரத்தில் கட்டாயமாக இடம்பெறும் எச்சரிக்கை வாசகமோ கண்ணில் படுவதே குறைவு. ‘அளவுமீறிய மது உடல்நலத்துக்கு ஆபத்து’ என்று மட்டுமே அரசு எழுதவைப்பதும் விந்தைதான்.

என் மதிப்பீட்டில், தளர்வுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒயின் பற்றிய பெருமிதமே. சிகரெட்டுக்கு அப்படியொரு பண்பாட்டுக் கவசம் கிடையாது. 2019 நவம்பரில் குடியரசுத் தலைவரைச் சந்தித்துவிட்டு வந்த ஷாம்பெய்ன் திராட்சை விவசாயிகள், மாதம் முழுதும் குடிக்காமலிருக்கும் ‘மதுவில்லா ஜனவரி’க்கு அரசுப் பிரச்சாரம் இருக்காது என்று அறிவித்தார்கள். அரசு ஒதுங்கியதால் 2020 ஜனவரியில் தொண்டு அமைப்புகளே அதை நடத்தின.